பஃப் கை வைத்த சப்பரச் சட்டை

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. சிரித்தவன் நான். ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் நடுவில் யோக்கியன் வேஷம் போட வேண்டியிருக்காது.

காலை ஏழே கால் கும்மிடிப்பூண்டி லோக்கலில் திருவொற்றியூரில் ஏறுகிறேன். எதிர் சீட்டில் ஐம்பது வயதைத் தொட்ட ஓர் ஆள். ஆறடி உயரம், நரைத்த மீசை, மடியில் சாப்பாட்டுப் பை. எலுமிச்சை மஞ்சளில் சட்டை. தோளில் நெருக்கமாகச் சுருக்கு வைத்து, மேல் கை இரண்டு பக்கமும் புஸ்ஸென்று உப்பி நிற்கிறது. பெண்கள் ப்ளவுஸுக்கு வைக்கும் அதே பஃப் கை. கீழ் ஓரத்தில் வெள்ளை லேஸ். பேன்ட்டுக்குப் பதிலாகப் பெண்கள் போடும் தொளதொளத்த, பூப்போட்ட பலாஸோ, ஜன்னல் காற்றில் படபடத்துக்கொண்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஷோக்கா கீதில்ல?" என்றார்.

குத்தலாகக் கேட்கவில்லை. அபிப்பிராயம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "நல்லாருக்கு சார்" என்றேன், தப்பித்தால் போதும் என்று. சொன்ன பிறகு இன்னொரு முறை பார்த்தேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

பெயர் பாஸ்கல். ராயபுரம். அத்திப்பட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து கன்டெய்னர் யார்டுக்குப் போகிறவர். அங்கே கிரேன் ஓட்டுகிறார். நான் எண்ணூரில் இறங்கிவிடுவேன். எங்களுக்குள் தினமும் பதினைந்து நிமிஷம். ஆகவே இந்தக் கதை பதினைந்து பதினைந்து நிமிஷத் துண்டுகளாகத்தான் எனக்குக் கிடைத்தது. ஒட்டுப்போட்ட இடம் தெரிந்தால் ரயில்வேயைக் கேளுங்கள்.

2

அவரைப் பற்றி நான் எழுதிய முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"நிலைக்கண்ணாடி முன் நின்ற பாஸ்கலின் கண்களில் நீர் திரண்டது. இந்த உலகம் தன்னை என்றைக்காவது புரிந்துகொள்ளுமா என்று அவர்..."

தாளை ரயிலில் அவரிடமே கொடுத்தேன். படித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நான் எங்க நைனா அய்தேன்? எங்க வூட்டு கண்ணாடில மொகம் மட்டும்தான் தெரியும். மொகத்த பாத்து அய்றதுக்கு இன்னா கீது?"

இரண்டாவது தொடக்கம்: "பாஸ்கலுக்கு ஐந்து வயது. யாரும் இல்லாத நேரம் பார்த்து அக்காவின் பாவாடையை எடுத்து..."

"எனுக்கு அக்காவே இல்ல. ரெண்டு அண்ணனுங்க. அவனுங்க டவுசருதான் எனுக்கு வந்துச்சு."

மூன்றாவதில் கவனமாக இருந்தேன். எழுபது அடி உயரக் கண்ணாடிக் கேபின், எட்டு மணி நேர வெயில், எதிரே அனல் மின் நிலையத்தின் புகை, இறுக்கமான பேன்ட்டில் வியர்த்து வெந்துபோகும் தொடை. ஆகவே பலாஸோ. ஆகவே தளர்ந்த கை. படிக்கிறவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் நிம்மதியாகிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது.

பாஸ்கல் தாளை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"காத்தோட்டத்துக்காவ போடறேன்னு போட்டுகீறியே, ஏன்?"

"அது உண்மைதானே?"

"காத்து வருது, உண்மதான். ஆனா அதுக்காவ போடல. பொம்ம மேல மாட்டி வெச்சிருந்தாங்க. பாத்தேன், புட்சிது. நீ இந்தக் கட்டம் போட்ட சட்டய போட்டுகினு கீறியே, இன்னாத்துக்குன்னு உன்ன யாராச்சும் கேட்டாங்களா?"

யாரும் கேட்டதில்லை. ஒரே மாதிரி நான்கு வைத்திருக்கிறேன்.*

(* இந்த நட்சத்திரக் குறியை நினைவில் வையுங்கள். இதன் கீழே சொல்ல வேண்டியதை இப்போது சொல்லத் தைரியம் வரவில்லை.)

3

சரி, நான்காவது தொடக்கம். இதற்கு அவர் ஆட்சேபம் சொல்லவில்லை.

பாஸ்கலின் மனைவி டோரதிக்கு எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை, பெண்கள் பகுதியில். இரண்டு வருஷம் முன்பு ஒரு மாலை அவளைக் கூட்டிக்கொண்டு வரப் போனவர், வாசல் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பொம்மையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். மஞ்சள் சட்டை, பஃப் கை, லேஸ். கடை முதலாளி இசக்கிப்பாண்டி அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம்.

"யாருக்கு வே? டோரதிக்கா?"

"எனுக்கு அண்ணாச்சி."

அண்ணாச்சி அவருடைய தோளைப் பார்த்தார். அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்று ஒரு பாராவே எழுதி வைத்திருந்தேன், வெட்டிவிட்டேன். ஓடியது அளவுதான். "ஒமக்குத் தோள் அகலம்லா? ரெடிமேடுல வராது. துணி தாரேன், தச்சுக்கிடும்."

தைத்தவர் ராயபுரத்து டெய்லர் ஃபர்ஹான். அவருக்கு இருந்த ஒரே கவலை, பதினெட்டரை அங்குலத் தோளுக்குப் பஃப் வைத்தால் துணி முக்கால் மீட்டர் அதிகம் இழுக்குமே என்பதுதான். "பாய், தாராளமா வெச்சி தையி" என்றார் பாஸ்கல். அன்றிலிருந்து வேலைக்கு, கடைக்கு, கல்யாணத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த மாதிரிச் சட்டைகள்தான். தெருவில் ஒரு மாதம் பேசினார்கள். பிறகு மெட்ரோ தண்ணி வராமல் போனது, அதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

இதுவரை கதையில் சிக்கலே இல்லை, கவனித்திருப்பீர்கள். நானும் கவனித்தேன், கவலைப்பட்டேன். ஒரு மனிதர் பிடித்ததை உடுத்திக்கொண்டு சந்தோஷமாக இருந்தால் எழுத்தாளன் எதைத்தான் எழுதுவது? நல்லவேளையாக மாதா திருவிழா வந்தது.

பாஸ்கலின் பங்குக் கோயிலில் (எந்தக் கோயில் என்று சொல்லமாட்டேன், கமிட்டிக்காரர்கள் எனக்குப் போன் போடுவார்கள்) திருவிழாவின் கடைசி ஞாயிறு மாலை சப்பரப் பவனி. மாதா சுரூபம், அதாவது சிலை, ஏறிய சப்பரத்தை எட்டுப் பேர் தோளில் சுமப்பார்கள். அந்த எட்டுப் பேருக்கும் ஒரே துணியில் சட்டை. இந்த வருஷம் வானநீலம். துணியைக் கமிட்டி எடுத்துக் கொடுக்கும். போன வருஷம் தையலையும் கமிட்டியே ஏற்று ஒரே டெய்லரிடம் கொடுத்ததில், எட்டுப் பேருக்கும் காலர் கழுத்தைப் பிடித்தது. மூச்சுத் திணறத் திணற மாதாவைச் சுமந்தார்கள். அதனால் இந்த வருஷம் கமிட்டிச் செயலாளர் வில்சன், பூசை முடிந்ததும் மைக்கிலேயே அறிவித்தார்: "துணி ஒண்ணு. தையல் அவங்கவங்க இஷ்டம்."

வில்சன் செய்த தப்பு இவ்வளவுதான். காலரைப் பற்றித்தான் அவர் யோசித்தார். கையைப் பற்றி யோசிக்கவில்லை.

பாஸ்கல் நீலத் துணியை நேராக ஃபர்ஹானிடம் கொண்டுபோனார்.

(இந்த இடத்தில் என் பழைய பிரதியில் வேறு மாதிரி இருந்தது. ஃபர்ஹான் கடையில் அளவுச் சீட்டு மாறிவிடுகிறது. டோரதியின் ப்ளவுஸுக்கு எழுதிய குறிப்பு பாஸ்கலின் துணியோடு போய், தவறுதலாக ஒரு பஃப் கைச் சட்டை பிறந்துவிடுகிறது. வேறு வழியில்லாமல் பாஸ்கல் அதைப் போட்டுக்கொள்கிறார். எவ்வளவு பாதுகாப்பான கதை! யார்மேலும் குற்றமில்லை. பாஸ்கல் படித்துவிட்டு, "தப்பா? இன்னா தப்பு? நான்தான் பக்கத்துல குந்திகினு, இந்தா இவ்ளோ ஒயரம் நிக்கணும்னு கை காட்டி தெச்சேன். பாய் பொயப்ப கெடுக்காத" என்றார். கிழித்துவிட்டேன்.)

4

சட்டை வந்தது. நீலத்தில் இரண்டு பஃப். மணிக்கட்டில் மூன்று முத்துப் பொத்தான், இடுப்பில் லேசான மடிப்பு, கழுத்தோரம் மெல்லிய வெள்ளை லேஸ். போட்டுக்கொண்டு வந்த புருஷனைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள் டோரதி. தோள் சுருக்கை விரலால் எண்ணினாள். முகம் சுருங்கியது.

"இருவத்தேழு வருசமா அந்த பாய்கிட்டதான் ப்ளவுஸ் தெக்கிறேன். எனுக்கு ஒரு நாளாச்சும் இப்டி சமமா சுருக்கு வெச்சிருப்பாரா? உனுக்குன்னா மட்டும் கை வருது."

இந்தப் பொறாமை எனக்கு மிகவும் பிடித்தது. அவள் அழுவாள் அல்லது பெருமிதப்படுவாள் என்று இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்திருந்தேன். அவளோ டெய்லர்மேல் கோபப்பட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வில்சன் உள்ளே வந்தார். செயலாளர் மட்டுமல்ல, டோரதியின் அண்ணனும் அவர்தான். போதாததற்கு, சப்பரத்தில் பாஸ்கலுக்கு ஜோடியும் அவரே. முன்வரிசை வலதில் பாஸ்கல், இடதில் வில்சன், இருபத்திரண்டு வருஷமாக. சப்பரத்துக்கு ஆள் எடுக்கும்போது பார்ப்பது பலத்தை அல்ல, உயரத்தை. ஒருவர் அரை அங்குலம் குட்டையாக இருந்தாலும் சுமக்கும் தண்டு சாயும், தண்டு சாய்ந்தால் மாதா சாய்வாள். பங்கு முழுக்கத் தேடினாலும் வில்சனின் தோளுக்குச் சரியாக நிற்பது பாஸ்கலின் தோள் ஒன்றுதான்.

வில்சன் சட்டையைப் பார்த்தார். உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"மச்சான், இதான் ஞாயித்துக்கெயமைக்கா?"

"ஆமா. ஷோக்கா கீதா?"

"வேலைக்கு போட்டுகினு போற, நான் எதுனா கேட்டனா? கல்யாணத்துக்கு போட்டுகினு வந்த, ஒரு வார்த்த சொன்னனா? இது மாதா சப்பரம் மச்சான். மாதாவ பாக்க வர்ற ஜனம் உன்ன பாத்துகினு நிக்கும்."

"பாக்கட்டும். ஒரு நிமிசம் என்ன பாக்கும், அப்பால மாதாவ பாக்கும். தெருமொன வரைக்கும் நேரம் கீது."

"ஃபோன்ல புட்சி போட்டு கலாய்ப்பானுங்க."

"என்னதான கலாய்ப்பானுங்க?"

"அதான்டா எனுக்கு தாங்காது!" என்று கத்திவிட்டார் வில்சன். பிறகு குரலை இறக்கி, எழுந்து நின்றுகொண்டு சொன்னார்: "வேற துணி தரேன், ஒயுங்கா ஒரு சட்ட தெச்சுக்கோ. இல்லன்னா ஒன் எடத்துல அந்த சாவியோ பையன் நிப்பான்."

5

வில்சன் விஷயத்தில் நான் ஒரு பாவம் செய்தேன். கதைக்கு வில்லன் கிடைத்த சந்தோஷத்தில் அவருக்குச் சிவந்த கண்களும் தடித்த குரலும் வைத்து எழுதினேன். பாஸ்கல் அந்தத் தாளைப் படித்தபோதுதான் முதல்முறையாக என்மேல் கோபப்பட்டார்.

"அவன் என் தோஸ்து. என் பையன் ஆஸ்பத்திரில கெடந்தப்போ பத்து நாளு வெளிய பெஞ்சில படுத்துகினு கெடந்தான். அவனுக்கு பயம், அவ்ளோதான். பயந்தவன கெட்டவன்னு எயுதாத."

கண்ணையும் குரலையும் அடித்துவிட்டேன். நீங்கள் மேலே படித்தது திருத்திய வில்சன்.

ஆனால் பாஸ்கலுக்கு அந்த வாரம் முழுக்க மனசு வலித்தது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சட்டையைக் கிண்டல் பண்ணினால் அவருக்கு வலிக்காது. அந்த இடம் போனால் வலிக்கும். ரயிலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வருசம் பூரா மேலருந்து தூக்குறேன் நைனா. பொட்டி பொட்டியா, எவ்ளோ டன்னுன்னு கெடையாது. ஒரு கம்பிய தள்ளுனா தானா தூக்குது. கீயருந்து தூக்குறது அந்த ஒரு நாளுதான். தோளுக்கு வெயிட்டு தெரியறது அன்னிக்கி மட்டும்தான். அது இல்லன்னா எனுக்கு திருவிழாவே இல்ல."

"அப்போ ஒரு நாளைக்கு மட்டும் சாதாச் சட்டை..." என்று ஆரம்பித்தேன். எழுத்தாளனின் புத்தி, சமரசத்துக்கு ஓடும்.

"போடலாம். ஆனா மாதாகிட்ட போறப்போ நல்ல சட்டதான போடணும்? என்கிட்ட கீறதுலயே நல்ல சட்ட அதான்."

எண்ணூர் வந்துவிட்டது. இறங்க மறந்து அத்திப்பட்டு வரை போனேன்.

6

வியாழக்கிழமை ஒரு முடிவு எழுதினேன். பாஸ்கலை நீக்கிவிடுகிறார்கள். சப்பரம் தெருவில் போக, அவர் மொட்டை மாடியில் தனியாக நின்று பார்க்கிறார். நீலச் சட்டை கொடியில் ஆடுகிறது. அவ்வளவு ரசித்து எழுதினேன். அதனால்தான் சந்தேகம் வந்தது. ஒரு நல்ல மனிதரை மொட்டை மாடியில் நிற்கவைத்து நான் ஏன் இவ்வளவு சுகப்படுகிறேன்?

வெள்ளிக்கிழமை இன்னொன்று. மணி அடிக்கிறது, சப்பரம் தூக்க எட்டுப் பேரும் வருகிறார்கள், எட்டுப் பேர் தோளிலும் பஃப் கை! ஜனம் ஆரவாரிக்கிறது. வில்சன் பாஸ்கலைக் கட்டிப்பிடிக்க...

பாஸ்கல் விழுந்து விழுந்து சிரித்தார். பெட்டியில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "ரெண்டாவது வரிசைல நிக்கிற ராசையாவுக்கு கய்த்தே கெடையாது. அவருக்கு பஃப் வெச்சா தல எங்க கீதுன்னு தேடணும். யோவ், எனுக்கு புட்சத நான் போடறேன். அவனுங்களுக்கு புட்சத அவனுங்க போடட்டும். எல்லாரும் போட்டா அதுவும் யூனிஃபார்ம்தான?"

அதுவும் போயிற்று.

7

சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளோட்டம். சுரூபத்துக்குப் பதிலாக நான்கு மணல் மூட்டையைச் சப்பரத்தில் ஏற்றி, எட்டுப் பேரும் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார்கள். நான் அங்கே இல்லை. ஆறரைக்கு டோரதி போனில் சொன்னது இவ்வளவுதான்: "சாவியோ நின்னான், கோணிகிச்சு. இவுரு போயி நின்னாரு, நேராச்சு. எறக்கினாங்க, டீ குட்சாங்க, வந்துட்டாங்க."

இதை வைத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக நான் எழுதியது:

சாவியோ முன்வரிசை வலதில் தோள் கொடுத்தான். தூக்கியதும் சப்பரம் அவன் பக்கமாகச் சாய்ந்து, ஒரு மூட்டை நகர்ந்தது. இறக்கினார்கள். அவன் தோளில் துண்டை இரண்டாக மடித்து வைத்தார் வில்சன். மறுபடி சாய்ந்தது. நான்காக மடித்தார். துண்டு வழுக்கியது. வேலையிலிருந்து நேராக வந்திருந்த பாஸ்கல், மஞ்சள் சட்டையோடு மதில் ஓரம் உட்கார்ந்திருந்தார். வில்சன் நிமிர்ந்து, "வா மச்சான்" என்று கூப்பிட்டார். பாஸ்கல் எழுந்து போய்த் தோள் கொடுத்தார். சப்பரம் ஆடாமல் எழுந்தது. இறக்கியபோது அவருடைய வலது பஃப் தண்டுக்கடியில் நசுங்கி, அப்பளமாகக் கிடந்தது. வில்சன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் அந்தச் சுருக்கைப் பிடித்து மெல்ல இழுத்து உப்ப விட்டார்.

8

இன்று ஞாயிறு. காலைப் பூசை முடிந்ததும் தாள்களோடு பாஸ்கல் வீட்டுக்குப் போனேன். நீலச் சட்டை இஸ்திரி போட்டு ஹேங்கரில் தொங்கியது. வடிவம் கெடாமல் இருக்க இரண்டு பஃப்புக்குள்ளும் நியூஸ்பேப்பரைச் சுருட்டித் திணித்திருந்தாள் டோரதி.

பாஸ்கல் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"'வா மச்சான்'னு அவன் கூப்டல. நானா எந்திரிச்சி போனேன். மாத்து."

"கூப்பிட்டால் நன்றாக இருக்குமே."

"நல்லாதான் இருக்கும். ஆனா போனது நான்."

அந்த வரியை அடித்தேன். (மேலே அதை அப்படியே விட்டிருக்கிறேன். அடித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள்.) அவர் தொடர்ந்து படித்தார். கடைசி வரிக்கு வந்தார். இதையும் அடிக்கச் சொல்லப்போகிறார் என்று பேனாவைத் திறந்தே வைத்திருந்தேன்.

அவர் கை தானாக வலது தோளுக்குப் போனது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அது இர்க்கட்டும்" என்றார்.

"நடந்ததா?"

"இர்க்கட்டும்னேன்ல. டோரதி, சாருக்கு பிரியாணி போடு."

நடந்ததா, நடக்காமலே அவருக்கு வேண்டியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. டோரதியைக் கேட்டேன், அவள் அப்போது டீ வாங்கப் போயிருந்தாளாம். நேற்று வில்சன் கிளம்பும்போது ஏதாவது சொன்னாரா என்று பாஸ்கலைக் கேட்டேன். "நாளைக்கு அஞ்சர மணி, லேட் பண்ணாதிங்கன்னான்." யாரிடம்? "எல்லார்கிட்டயும்தான்." எந்தச் சட்டை என்று? "அத்த சொல்லல."

ஆக, இந்தக் கதைக்கு முடிவு இன்று ஐந்தரை மணிக்கு. இப்போது மணி நாலேகால். திருவொற்றியூரில் என் அறையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாஸ்கல் நீலச் சட்டையில் போவார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வில்சன் என்ன செய்வார் என்பதை என்னால் எழுத முடியும், மூன்று விதமாகக்கூட. எழுதப்போவதில்லை. இந்த ஒரு தடவையாவது அவரே செய்யட்டும்.

(நட்சத்திரக் குறி பாக்கி இருக்கிறது. இசக்கிப்பாண்டி அண்ணாச்சி மாதிரியே ஒருவருடைய கடையில், பெண்கள் பகுதியில், சின்னச் சின்னச் செம்பருத்தி அச்சடித்த ஒரு சட்டையை நான் வாங்கினேன். யாருக்கு என்று கேட்டார்கள். தங்கைக்கு என்றேன். எனக்குத் தங்கை இல்லை. இரண்டு வருஷமாக மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கிறது. இப்போதுதான் அதிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஆறு இருந்தன.)

ராயபுரத்துக்கு அடுத்த ரயில் நாலு நாற்பதுக்கு. நீங்களும் வரலாம். ராசையாவுக்கு நேற்றிலிருந்து முழங்கால் வலியாம், இரண்டாவது வரிசை இடதில் ஒரு தோள் குறையும்போல் இருக்கிறது. உங்கள் உயரத்தை மட்டும் சொல்லுங்கள். என்ன உடுத்திக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்கமாட்டேன்.